அட்டையில் என் தம்பி

நாவல் வந்து மூன்றாவது வருடம் ஓடுகிறது. அதன் அட்டையைப் பற்றி என்னிடம் பேசியவர்கள் அதிகம். உள்ளே இருப்பதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. எனக்கு அதில் வருத்தம் இல்லை. அட்டைக்காகத்தான் நாவலே எழுதினேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரில்லர். போர் போடுகிற வேலை, ஆழ்துளைக் கிணறு. வருடத்தில் ஒன்பது மாதம் வடக்கே இருப்போம். மழைக்காலத்தில் ஊருக்கு வருவோம். என் தம்பியும் அதே வண்டியில் இருந்தான். ராடு மாட்டுவது அவன் வேலை.

மத்தியப் பிரதேசத்தில் ஒரு சோளக்காட்டில் போர் ஓடிக்கொண்டிருந்தது. நானூறு அடி தாண்டி ராடு மரை கழன்றது. கீழே இருந்த ராடுகளும் பாறை உடைக்கிற ஹேமரும் குழியோடு போயின. மரை தேய்ந்திருந்ததா, அவன் சரியாக முடுக்கவில்லையா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அன்றைக்குத் தெரிந்த மாதிரி பேசினேன். ஆட்கள் எல்லோரும் நின்றார்கள். தோட்டத்துக்காரரும் நின்றார்.

"உனக்கெல்லாம் எதுக்குடா இந்தப் பொழப்பு? எறங்கிப் போடா" என்றேன்.

அவன் கீழே கிடந்த துணியை எடுத்தான். கையைத் துடைத்துக்கொண்டான்.

ரிக் எப்போதும் இரண்டு லாரியாகப் போகும். முன்னால் ரிக். பின்னால் ராடும் பைப்பும் சோற்றுச் சாமானும் ஏற்றிய சப்போர்ட் வண்டி. சாயங்காலம் ஒரு டீசல் பங்க்கில் இரண்டும் நின்றன. கிளம்பும்போது ரிக்கில் இருந்த நாங்கள் அவன் சப்போர்ட்டில் இருக்கிறான் என்று நினைத்தோம். சப்போர்ட்டில் இருந்தவர்கள் அவன் அண்ணனோடு ரிக்கில் இருக்கிறான் என்று நினைத்தார்கள். அடுத்த ஊரில் இறங்கித்தான் பார்த்தோம். இரண்டிலும் இல்லை. அவன் போன் ரிக் டேஷ்போர்டில் சார்ஜில் கிடந்தது.

திரும்பிப் போனோம். பங்க்கில் இல்லை. போலீசில் எழுதிக் கொடுத்தோம். எழுதியவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் எழுதியது தெரியாது. நோட்டீஸ் அடித்து ஒட்டினேன். மழை வந்தது, நோட்டீஸ் கரைந்து போய்விட்டது. பெரிய நாடு. நான் ஒட்டியது நாலு ஊர்.

புத்தகம் நான் போகாத ஊருக்கும் போகும் என்று யாரோ சொன்னார்கள். அதனால் எழுதினேன். போர் ஓடும்போது எழுத முடியாது. வண்டி ரிப்பேரில் நிற்கும்போது, கேபினில் உட்கார்ந்து, லோடு சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். இரண்டு அண்ணன் தம்பிகளின் கதை. பிழை நிறைய இருந்தது. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடியில் பதிப்பகம் வைத்திருந்தவர் படித்துவிட்டு, போடலாம் என்றார்.

"அட்டையில எந்தம்பி போட்டோ வேணுங்க. பெருசா" என்றேன்.

"ஏனுங்க, நாவலுக்குக் காணவில்லைன்னு நோட்டீசாட்டம் போட முடியுமுங்களா?"

"காணோமுங்களே."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு படம் வரைகிற பெண்ணைப் போனில் பிடித்தார். அந்தப் பெண் சென்னையில் இருந்தார். போட்டோவை அப்படியே போட்டால் எடுபடாது, கரியில் வரைந்து தருகிறேன், முகம் அச்சு அசலாக இருக்கும் என்றார். எடுபடுவது எனக்கு எதற்கு? ஆனால் அச்சு அசல் என்றதால் ஒத்துக்கொண்டேன்.

கல்யாண போட்டோவில் அவன் ஒல்லி. புருவத்து வெட்டும் அப்போது இல்லை. ரிக்கில் பத்து வருடம் இருந்து முகம் மாறிவிட்டது. மாறின முகத்துக்கு இருந்தது ஒரே ஒரு போட்டோதான். அவன் போனில் அவனே எடுத்த செல்பி. பின்னால் எங்கள் ரிக் நிற்கும். புருவத்தில் வெட்டுத் தழும்பு தெளிவாகத் தெரியும். ராடு கொக்கி ஆடி வந்து அடித்த காயம். ஏழு தையல். அதை அனுப்பினேன். அந்தப் பெண் ரிக்கை எடுத்துவிட்டு முகத்தை மட்டும் வரைந்தார். கறுப்பு வெள்ளை. பின்னால் ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் இருந்தது. அவன் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

பின்னட்டையில் என் பெயரும் போன் நம்பரும் போடச் சொன்னேன். போட்டார்கள்.

ஆடியில் புத்தகம் வந்தது. ஓமலூரில் ஒரு கூட்டம் வைத்தார்கள். இருபது பேர் வந்திருந்தார்கள். கல்லூரியில் பாடம் சொல்லித் தருகிற ஒருவர் எழுந்து அட்டையைப் பற்றியே கால் மணி நேரம் பேசினார். பாதி முகம் வெளிச்சம், பாதி முகம் நிழல், மனிதன் தனக்குள் இரண்டாகப் பிளந்து கிடப்பதைக் காட்டுகிறது என்றார். கை தட்டினார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள்.

"இந்த ஆளை யாராச்சும் எங்காச்சும் பார்த்திருக்கீங்களாங்க?" என்று கேட்டேன்.

சிரித்தார்கள். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு அம்மா கடிதம் போட்டார். இந்தக் கண்ணைப் பார்த்தால் செத்துப்போன எங்கள் அப்பா ஞாபகம் வருகிறது, இரண்டு நாள் புத்தகத்தைக் கவிழ்த்தே வைத்திருந்தேன் என்று எழுதியிருந்தார். ஒரு நூலகத்தில் போய்ப் பார்த்தேன். எண் எழுதின சீட்டை அவன் நெற்றியில் ஒட்டியிருந்தார்கள். புருவம் மறைந்துவிட்டது. கீழே ஒட்டக் கூடாதா என்று கேட்டேன். "எல்லாப் புத்தகத்துக்கும் அங்கதான் ஒட்டுவோம்" என்றார் அந்த நூலகர். புது எண் எழுதித் தரச் சொல்லி, நானே சுரண்டி எடுத்து முகவாய்க்குக் கீழே ஒட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் பக்கத்து ஆட்கள் பார்த்தது வேறு. திருச்செங்கோட்டில் நான் முடி வெட்டுகிற கடைக்காரர் அட்டையைக் கையில் வாங்கினார். உடனே முகம் மாறிவிட்டது.

"அடடா. எப்பங்க தவறினாரு?"

"தவறலீங்க."

"பின்ன இப்படிப் போட்டிருக்கீங்க?"

நான் அப்போதுதான் அட்டையை அவர் கண்ணால் பார்த்தேன். எங்கள் ஊர்ச் சுவரில் கறுப்பு வெள்ளையில் ஒரே ஒரு முகம் ஒட்டினால் ஒரே ஒரு அர்த்தம்தான். கண்ணீர் அஞ்சலி. கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி என்றால் கலர். பக்கத்தில் பத்துத் தலை இருக்கும். நான் ஊர் ஊராக அந்த அட்டையைக் கொடுத்திருந்தேன்.

பேக்கரியில் ஒருவர், "உங்க தம்பி காரியத்துக்குச் சொல்லவே இல்லீங்களே" என்று கோபித்துக்கொண்டார். குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிற ஒரு உறவுக்காரர் வாங்கின புத்தகத்தைச் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தார். பொட்டு வைத்திருந்தார். அட்டை உள்ளே இருக்கிற கதையை விடச் சீக்கிரம் ஊரில் போய்ச் சேர்ந்துவிட்டது.

தம்பியின் மனைவி அட்டையைப் பார்த்தாளா என்று அப்போது எனக்குத் தெரியாது. கொண்டுபோய்க் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவன் காணாமல் போன நாளிலிருந்து அவள் தன் அம்மா வீட்டில் இருந்தாள். பொட்டு வைத்துக்கொண்டு, தாலியோடு இருந்தாள். என்னிடம் அதிகம் பேச மாட்டாள். பேச என்ன இருக்கிறது? எறங்கிப் போடா என்றவன் நான்.

போன் வந்தது. வரும் என்றுதான் நம்பர் போட்டேன். ஈரோடு பஸ் ஸ்டாண்டில் இருக்கிறான் என்று ஒருவர் கூப்பிட்டார். ஓடினேன். அவன் இல்லை. பவானி ஆற்றுத் துறையில் ஒரு சாமியார் என்றார்கள். அதுவும் அவன் இல்லை. இன்னொரு தடவை ஓசூர் வரை போனேன். வேலை கெட்டது. ஒவ்வொரு தடவையும் திரும்பி வருகிற பஸ்சில் தலை நிமிராமல் வந்தேன். அதற்குப் பிறகு ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். யார் கூப்பிட்டாலும் முதலில் ஒன்று கேட்பேன்.

"வெட்டு எந்தப் பக்கமுங்க?"

அட்டையில் இருக்கிற பக்கம் என்றால் போவது. இல்லை என்றால் போனை வைப்பது.

பங்குனியில் நான் ஒடிசாவில் இருந்தேன். நாமக்கல் லாரி டிரைவர் ஒருவர் கூப்பிட்டார்.

"அண்ணா, உங்க பொஸ்தகத்த வண்டியில வச்சிருக்கனுங்க. நாக்பூர் தாண்டி ஜபல்பூர் ரோட்டுல நம்மூர்க்காரரு ஒருத்தர் மெஸ் வச்சிருக்காருங்க. அங்க எச்சி எலை எடுக்கற ஆளு ஒருத்தன் இந்த மூஞ்சியேதானுங்க."

"வெட்டு எந்தப் பக்கமுங்க?"

"அதானுங்க இடிக்குது. அவனுகிட்டயே அட்டையக் காட்டினேன். உன்னாட்டமே இருக்கானே, செத்துட்டான் போலன்னேன். சும்மா வம்புக்குத்தான். அவன் வாங்கிப் பார்த்தான். திருப்பியும் பார்த்தான். எனக்கு எடது புருவம், இவனுக்கு வலது, நானில்லீங்கன்னு குடுத்துட்டான். நெசமாவே எடதுதானுங்க. நான் பார்த்தேன்."

கேபினில் அட்டை இருந்தது. எடுத்துப் பார்த்தேன். வலது.

"அப்ப அவன் இல்லீங்க" என்றேன். "கூப்பிட்டதுக்கு நொம்ப சந்தோசமுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு இரண்டு போர் போட்டோம்.

ஆவணியில் ஊரில் இருந்தேன். தம்பி மனைவியின் உடன்பிறந்தவனுக்குக் கல்யாணம். எங்கள் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ அவன் பக்கத்தில் நின்று செய்ய வேண்டிய சீர். அது முடியாமல் அவன் தாலி கட்டப் போக மாட்டான். அவனுக்கு இவள் ஒரே அக்கா. சின்ன வயதிலிருந்து, உன் இணைச்சீருக்கு நான் என்ன சேலை கட்டுவேன் தெரியுமா என்று அவனிடம் சொல்லிக்கொண்டே இருப்பாளாம். புருசன் இல்லாதவள் அதில் நிற்கக் கூடாது என்பது வழக்கம்.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது அவள் பெரியப்பா எனக்குப் போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்களே அட்டை போட்டு ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. அப்பறம் அவள எப்படீங்க நிக்க வைக்கறது? சித்தப்பன் மகள நிக்க வச்சுக்கறமுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"அவன் சாகலீங்க."

"சாகலீன்னா கூட்டிட்டு வாங்க. எனக்கும் சந்தோசந்தான்."

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன். கையில் அட்டை இருந்தது. என்ன நினைத்து எடுத்துப் போனேன் என்று தெரியவில்லை.

"வாங்க மாமா" என்றாள். தண்ணீர் கொடுத்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். கேட்காமலே கையை நீட்டினாள். கொடுத்தேன். அதுவரை அவள் அதைப் பார்க்கவே இல்லை. எல்லோரும் சொல்லித்தான் கேட்டிருந்தாள். வீட்டில் உள்ளே கொண்டுவர விடவில்லையாம்.

விரலால் தொட்டாள். வெகு நேரம் பார்த்தாள்.

"யாரு வரைஞ்சது?"

"சென்னையில ஒரு புள்ளைங்க அம்மிணி."

"அவருக்கு வெட்டு இந்தப் பக்கம் இல்லீங்களே. அந்தப் பக்கமில்ல?"

"எந்தப் பக்கம்?"

"எடது. நான்தானுங்க மாமா தெனமும் மருந்து போட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. நான் பார்க்காத முகமா என்று நினைத்தேன். தொட்டிலில் இருந்து பார்த்த முகம். பிறகு கையைத் தூக்கினேன். கொக்கி அடித்த அன்றைக்கு ரத்தம் நிற்க ஆஸ்பத்திரி வரை துண்டை அழுத்திப் பிடித்தவன் நான். சப்போர்ட் வண்டியில் அவனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். எந்தக் கையால் பிடித்தேன்? வலது கை. இடது கையால் மேல் கம்பியைப் பிடித்திருந்தேன். எதிரே இருக்கிறவனுக்கு என் வலது கை போகிற இடம் அவனுடைய இடது புருவம்.

கைக்கு ஞாபகம் இருந்தது. கண்ணுக்கு இல்லை. ஒரு வருடம் தினமும் அட்டையையே பார்த்து, அட்டையில் இருப்பவன்தான் என் தம்பி என்று ஆகிவிட்டது.

என் பையில் இருந்த அவன் போனை எடுத்துப் பார்த்தோம். செல்பியில் பின்னால் நிற்கிற ரிக்கில் வண்டிப் பெயர் எழுதியிருக்கும். எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாறிக் கிடந்தது. அந்தப் போன் அப்படித்தான் எடுக்கும். அத்தனை நாளும் எழுத்தை யாரும் பார்க்கவில்லை. முகத்தைத்தான் பார்த்தோம். வரைந்த பெண்ணும் ரிக்கை எடுத்துவிட்டார்.

லாரிக்காரர் சொன்னதை அவளிடம் சொன்னேன். அது அவன் இல்லை என்று நான் போனை வைத்ததையும் சொன்னேன். அவள் திட்டியிருக்கலாம்.

"இப்பவே போங்க மாமா" என்றாள். "நிக்காதீங்க."

லாரிக்காரரைக் கூப்பிட்டேன். இடம் சொன்னார். மறுநாள் ரயில் ஏறினேன். பிறகு பஸ். பிறகு ஒரு லாரி. கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அந்த மெஸ்ஸில் இறங்கினேன். தகரக் கொட்டகை. தமிழில் சாப்பாடு என்று எழுதியிருந்தது. எலை எடுக்கிற இடத்தில் வேறு ஒரு ஆள் நின்றான்.

மெஸ்காரரிடம் அட்டையைக் காட்டினேன்.

"இதுங்களா? இத ஒரு லாரிக்காரரு காட்டினாரே. நான் அடுப்புல இருந்தேன், சரியாப் பாக்கல. ஆனா எங்கிட்ட இருந்தவன், நானில்லன்னு சொல்லிப்போட்டான்" என்றார்.

வெளியே ஒரு லாரி நின்றது. அவரைக் கூட்டிப்போய் அதன் பக்கக் கண்ணாடிக்கு முன்னால் அட்டையைப் பிடித்தேன். "இப்பப் பாருங்க" என்றேன்.

கண்ணாடியில் வெட்டு இடது புருவத்துக்கு வந்தது. அவர் கிட்டே போனார். தலையில் கட்டின துண்டை அவிழ்த்தார்.

"சாமி, இவனேதானுங்க."

"எங்கீங்க இருக்கான்?"

"ஆடியில போயிட்டானுங்க. சொல்லாமப் போயிட்டான்."

பங்குனியில் லாரிக்காரர் கூப்பிட்டார். ஆடி வரை என் தம்பி அங்கே இருந்திருக்கிறான். நான்கு மாதம். அங்கேயே அந்தக் கொட்டகையில், மற்றவர்கள் சாப்பிட்ட எலையை எடுத்துக்கொண்டு.

மெஸ்காரர் எனக்குச் சோறு போட்டார். சாப்பிட முடியவில்லை. அவரே பேசினார். "நல்லவனுங்க. பேச மாட்டான். லாரிக்காரரு போன அப்பறம் ஒண்ணு சொன்னான். எங்கூருல இப்படிப் படம் போட்டா ஆளு முடிஞ்சதுன்னு அர்த்தமுங்கண்ணா, எங்க அண்ணனே போட்டிருக்கான்னான். நான் வெளையாட்டுன்னு நெனச்சுட்டேன்."

அவன் புத்தகத்தைத் திருப்பியும் பார்த்தான் என்று லாரிக்காரர் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. பின்னட்டையில் என் பெயர் இருந்தது. நம்பரும் இருந்தது. அவன் கூப்பிடவில்லை. அட்டையைப் பற்றி எத்தனையோ பேர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அவன் சொன்னதைத்தான் கடைசியாகக் கேட்டேன்.

தம்பி மனைவிக்குப் போன் போட்டு மெஸ்காரர் கையில் கொடுத்தேன். உயிரோடு இருந்தான் என்று சொல்லச் சொன்னேன். அவர் சொன்னார். அவள் பெரியப்பா போனை வாங்கினார். மெஸ்காரர், "நாந்தானுங்க சோறு போட்டேன், ஆடி வரைக்கும் நல்லா இருந்தானுங்க" என்றார்.

"ஆடியில இருந்தவன் இன்னைக்கு இருக்கானா?" என்று பெரியப்பா கேட்டது என் காதிலும் விழுந்தது. மெஸ்காரர் என்னைப் பார்த்தார்.

நான் ஊருக்குத் திரும்பவில்லை. அந்த ரோட்டில் இருக்கிற பங்க், மெஸ், ரிக் நிறுத்தும் இடம் எல்லாம் நடந்தேன். அட்டையைக் காட்டி, வெட்டு மட்டும் அந்தப் பக்கம் என்று கையால் காட்டினேன். இந்தி அவ்வளவுதான் வரும்.

கல்யாணத்தன்று அவள் கூப்பிட்டாள். மண்டபத்துச் சத்தம் கேட்டது. சித்தப்பன் மகள்தான் இணைச்சீருக்கு நின்றாளாம். இவள் பந்தியில் இருந்தாளாம். அழவில்லை.

"ஆடியில இருந்தாருங்கல்ல மாமா?"

"இருந்தானுங்க அம்மிணி."

"நல்லா இருந்தாருங்கல்ல?"

"இருந்தான்."

மறுபடியும் அதையே கேட்டாள். மறுபடியும் சொன்னேன்.

பத்து நாளுக்குப் பிறகு கிளம்பும்போது மெஸ்காரர் புத்தகத்தைக் கேட்டார். கல்லாவுக்கு மேலே மாட்டி வைக்கிறேன், போகிற வருகிற வண்டிக்காரர்கள் பார்ப்பார்கள், அவனே வந்தாலும் பார்ப்பான் என்றார். எனக்கு யோசனையாக இருந்தது. வேறு படம் இல்லை. அட்டையைக் கிழித்துக் கொடுத்தேன். பக்கத்தில், வெட்டு இடது புருவத்தில், உயிரோடு இருக்கிறான், தம்பி உன்னைத் திட்ட மாட்டேன் என்று எழுதினேன். அவர் ஆணி அடித்தார்.

"பூ மட்டும் போட்டுடாதீங்க" என்றேன்.

இரண்டாம் பதிப்பு வந்தபோது முகத்தைத் திருப்பிப் போடச் சொன்னேன். கலரில் போடச் சொன்னேன். போட்டார்கள். பழைய அட்டைதான் அழகு என்கிறார்கள் படித்தவர்கள். வெட்டு மாறியதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

மாதம் ஒரு தடவை மெஸ்ஸுக்குக் கூப்பிடுகிறேன். வந்தானா என்று நான் கேட்பதில்லை. வந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார். என் குரலைக் கேட்டதும் அவர் முதலில் சொல்வது ஒன்றுதான்.

"பூ போடலீங்க."

"சரிங்க" என்று வைத்துவிடுவேன்.